பெயரைத் திரும்பப் பெறுதல்: கனடாவின் பூர்வகுடிச் சடங்குகள் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் கனடாவின் வின்னிபெக் நகரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இங்கே வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கனடாவின் பெருநகரங்களில் பூர்வகுடி மக்கள் மிக அதிகமாக வாழும் நகரம் இது. அதனால் எங்கள் வார்டில் அனிஷினாபே, க்ரீ, மேட்டி, இனுயிட் எனப் பல குடிகளைச் சேர்ந்தவர்களைத் தினமும் பார்க்கிறோம். ஊரில் இருக்கும் என் உறவினர்களும், புதிதாக இங்கே வேலைக்கு வரும் தமிழ்ச் செவிலியர்களும் இவர்களைப் பற்றியும், இவர்கள் மரபுப் பெயரைத் திரும்பப் பெறும் சடங்கு பற்றியும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பூர்வகுடியைச் சேர்ந்தவள் இல்லை. சடங்கின் உள்விவரங்களை வெளியே சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. மூத்தவர்கள் வெளியாரிடம் பொதுவில் பகிர்ந்துகொள்வதையும் வரலாற்றில் பதிவாகியிருப்பதையும் மட்டும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் சடங்கு எதற்கு? அது மதம்தானே?

மதம், மருத்துவம், குடும்பம், சட்டம் என்று நாம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பவை அவர்கள் வாழ்க்கையில் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. அனிஷினாபே மக்களின் பேச்சில் நலம் என்பது உடல், மனம், உணர்வு, ஆன்மா ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இசைந்து இருப்பது. இசைவு கெட்டால் நோய். அதைச் சரிசெய்ய மாத்திரையும் வரலாம், பாட்டும் வரலாம், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் வரலாம்.

வார்டில் நாங்கள் அதிகம் பார்ப்பது புகை காட்டுவது. புகையிலை, சீடர் என்ற மரத்தின் இலை, சேஜ் என்ற வாசனைச் செடி, ஸ்வீட்கிராஸ் என்ற வாசனைப் புல் ஆகிய நான்கையும் அவர்கள் புனித மருந்துகள் என்று சொல்வார்கள். சேஜை ஒரு சிப்பியிலோ கிண்ணத்திலோ வைத்துக் கொளுத்தி, எழும் புகையைக் கைகளால் அள்ளித் தலை, கண், காது, வாய், நெஞ்சு என்று தடவிக்கொள்வார்கள். நல்லதைப் பார்க்க, நல்லதைக் கேட்க, நல்லதைப் பேச என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். சாம்பிராணி போட்ட வீட்டில் வளர்ந்த நமக்கு அந்த வாசனை அந்நியமாகத் தெரியாது. புகை எச்சரிக்கைக் கருவியும் ஆக்சிஜனும் இருக்கும் இடம் என்பதால் முன்கூட்டியே சொல்லி, காற்றோட்டமுள்ள அறையில் செய்ய ஏற்பாடு செய்கிறோம். அதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.

சரி, பெயருக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்?

இதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் மூலம். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

1880கள் முதல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கனடா அரசும் கிறிஸ்தவத் திருச்சபைகளும் சேர்ந்து பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளை நடத்தின. சுமார் 1,50,000 குழந்தைகள் அவற்றுக்குள் போனார்கள். பெற்றோர் கொடுக்க மறுத்தால் போலீஸ் வந்து கூட்டிப்போகலாம் என்று சட்டமே இருந்தது. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பிற்பாதியில்தான். அதாவது, அங்கே படித்தவர்களில் பலர் என் வயதுக்காரர்கள்.

பள்ளிக்குள் நுழைந்த நாளே குழந்தையின் தலைமுடியை வெட்டினார்கள். வீட்டில் தைத்துக் கொடுத்த உடையைப் பறித்தார்கள். அப்புறம் பெயரை மாற்றினார்கள். மேரி, ஜான், ஜோசப் என்று ஏதோ ஒன்று வரும். பல பள்ளிகளில் அதுவும் இல்லை, ஓர் எண்தான். துணியில் அந்த எண், கட்டிலில் அந்த எண், கூப்பிடுவதும் அந்த எண்ணைச் சொல்லி. எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் மருந்து கொடுக்கும் முன் வழக்கம்போலப் பெயரும் பிறந்த தேதியும் கேட்டேன். இரண்டையும் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'என் நம்பரும் வேண்டுமா?' என்றார். எந்த நம்பர் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பள்ளி எண் அது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்கு முதலில் கொண்டுவரப்பட்ட லகோட்டா பூர்வகுடிக் குழந்தைகளில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளரான லூதர் ஸ்டாண்டிங் பேர். கரும்பலகையில் வெள்ளைக்காரப் பெயர்களை எழுதி வைத்து, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, ஏதாவது ஒன்றைத் தொடு என்றார்களாம். படிக்கத் தெரியாத பையன் தொட்ட கோடுகள் 'லூதர்' ஆயின.

இப்போது இதை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அனிஷினாபே மரபில் ஒருவருடைய பெயர் அவரை முன்னோர்களுடனும் குலத்துடனும் நிலத்துடனும் படைத்தவனுடனும் கட்டிவைக்கும் கயிறு. ஆவியுலகம் உன்னை உன் பெயரை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்ளும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அந்தக் கயிற்றைத்தான் பள்ளி அறுத்தது, அதுவும் தெரிந்தே. மொழி போனது, அம்மா அப்பாவோடு இருந்த பழக்கம் போனது, தான் யார் என்பது போனது. பின்னாளில் அது குடியாக, மனச்சோர்வாக, தன் பிள்ளையை அணைக்கத் தெரியாத கைகளாக வெளிப்பட்டது. காயம் பெயரில் தொடங்கியதால் வைத்தியமும் பெயரில் தொடங்குகிறது. ஒன்பது ஆண்டுகளில் எனக்குப் புரிந்தது இதுதான்.

ஆன்மப் பெயர் என்கிறார்களே, அதை எப்படி வைக்கிறார்கள்?

ஊருக்கு ஊர், மூத்தவருக்கு மூத்தவர் முறை மாறும். அனிஷினாபே மரபில் பொதுவாகச் சொல்லப்படுவதைச் சொல்கிறேன்.

பெயர் வேண்டுபவர், குழந்தையாக இருந்தால் பெற்றோர், பெயரிடும் தகுதியுள்ள ஒரு மூத்தவரிடம் புகையிலை கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்பார்கள். நம்மூரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல என்று நான் புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. அவர் அதை வாங்கிக்கொண்டால் ஒப்புக்கொண்டார் என்று பொருள். உடனே பெயர் வராது. அவர் பிரார்த்தனை செய்வார், சிலர் நோன்பிருப்பார்கள், கனவில் வரும் என்று காத்திருப்பார்கள். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பெயரை அவர் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பெயரைக் கண்டுபிடித்துத் தருகிறார் என்பதுதான் அவர்கள் நம்பிக்கை.

சடங்கு நாளில் உறவினர்கள் கூடுவார்கள். மூத்தவர் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கு திசைகளையும் நோக்கிப் பெயரை உரக்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கூடியிருப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது அந்தத் திருப்பிச் சொல்லல்தான். தனியறையில் ஒருவர் காதில் சொல்லிவிட்டுப் போகும் பெயர் இல்லை இது. அங்கே இருந்த எல்லோர் வாயும் அதைச் சொல்லிவிட்டது. இனி அந்தப் பெயரை அவர்களும் காப்பாற்ற வேண்டும். பிறகு விருந்து, பரிசுகள்.

பெயர் கொடுத்தவரும் பெற்றவரும் அதன்பின் ஒருவரையொருவர் ஒரே உறவுச்சொல்லால் அழைத்துக்கொள்வார்கள். 'நீயவென்' என்பதுபோல ஒலிக்கும் அந்தச் சொல்லுக்குள் 'என் உடல்' என்ற பொருள் தரும் சொல் ஒளிந்திருக்கிறது. எழுபது வயதுக் கிழவரும் மூன்று மாதக் குழந்தையும் சமமாக ஒரே சொல்லால் அழைத்துக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்.

நாற்பது, ஐம்பது வயதில் முதன்முறையாகப் பெயர் வாங்குபவர்களும் நிறைய இருக்கிறார்கள். தத்துக்கொடுக்கப்பட்டு வெள்ளைக்கார வீடுகளில் வளர்ந்தவர்கள், போதை மீட்பு மையத்தில் இருப்பவர்கள், சிறையில் இருப்பவர்கள் என்று பலர். 'பூஜூ' என்று வணக்கம் சொல்லி, தன் பெயர், தன் குலம், தன் ஊர் என்று வரிசையாகத் தன் மொழியிலேயே அறிமுகம் செய்துகொள்ள முதல்முறை எழுந்து நிற்பவரின் குரல் நடுங்கும். குலத்துக்கு அவர்கள் சொல்லும் 'தோதெம்' என்ற சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'டோட்டம்' வந்தது.

பெயர் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. அப்படி எந்த மூத்தவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெயர் ஒரு பொறுப்பு. அதன் பொருளை அறிந்துகொண்டு அதற்கேற்ப வாழ்வது ஆயுள் முழுக்க நடக்கும் வேலை.

முரே சின்கிளேர் என்ற நீதிபதியை உதாரணம் சொல்லலாம். எங்கள் மாகாணமான மனிட்டோபாவின் முதல் பூர்வகுடி நீதிபதி அவர். இளம் வழக்கறிஞராக மனம் வெறுத்துத் தொழிலையே விட்டுவிட நினைத்தபோது ஒரு மூத்தவரைப் போய்ப் பார்த்ததாகவும், அனிஷினாபேயாகத் தான் யார் என்று தெரிந்துகொள்ளும்படி அவர் சொன்னதாகவும் சின்கிளேர் கூறியிருக்கிறார். அவருடைய அனிஷினாபே பெயருக்கு 'வானத்தில் உள்ள சித்திரங்களைப் பற்றிப் பேசுபவர்' என்று பொருள். உறைவிடப் பள்ளிகள் பற்றிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, மற்றவர்கள் காணாததையும் காண மறுத்ததையும் 2015இல் நாட்டின் முன் பேசியவர் அவர்தான். 2024 நவம்பரில் காலமானார்.

எல்லாப் பூர்வகுடிகளுக்கும் இதே சடங்குதானா?

கிடையவே கிடையாது. இனுயிட், மேட்டி மக்களைத் தவிர்த்தே, 'முதல்குடி' எனப்படும் சமூகங்கள் கனடாவில் மட்டும் அறுநூறுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

பசிபிக் கரையில் வாழும் க்வாக்வாகாவாக்வ் மக்களிடம் பெயர் என்பது குடும்பச் சொத்து. பிறக்கும்போது ஒன்று, வளர்ந்தபின் ஒன்று, தலைவரானால் ஒன்று எனப் பெயர்கள் மாறும். பெயர் கைமாறுவது பாட்லாட்ச் என்ற பெருவிழாவில். வந்திருக்கும் விருந்தினர்கள் அதற்குச் சாட்சிகள், சாட்சியாக இருந்ததற்கு அவர்களுக்குப் பரிசு கிடைக்கும். நம் மொய் விருந்துக்கு நேர் எதிர்: இங்கே கொடுப்பவர் விழா நடத்துபவர். எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் அவர் மரியாதை.

இனுயிட் மக்களிடம் இறந்தவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவு கிடையாது, பாட்டியின் பெயர் பேரனுக்கும் வரலாம். பெயரோடு இறந்தவரின் ஏதோ ஒன்றும் சேர்ந்து வருகிறது என்று நம்புவதால், தன் அம்மாவின் பெயரைத் தாங்கிய மகளைத் தகப்பனே 'அம்மா' என்று கூப்பிடுவார். இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள் நினைவுக்கு வந்தன. தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்பதால்தானே அவன் பெயரன், அதாவது பேரன்? மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டக் கூடாது என்று என் அம்மா என் தம்பியை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

இப்படி உறவால் பின்னிய பெயர்களைக் கனடா அரசால் பதிவேட்டில் எழுத முடியவில்லை. குடும்பப் பெயர் இல்லையே! 1941 முதல் ஒவ்வோர் இனுயிட்டுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அதைச் சிறு வட்டத் தகட்டில் பொறித்து, கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னது அரசு. கிழக்குப் பகுதிக்கு 'ஈ', மேற்குக்கு 'டபிள்யூ' என்று தொடங்கும் எண்கள். 1960களின் கடைசியில் அதைக் கைவிட்டு, எல்லோரும் ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளும் திட்டம் வந்தது. ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகப் போய் மக்களிடம் பெயர் கேட்டு எழுதினார். எண்ணைவிடப் பெயர் மேல்தான். ஆனாலும் ஒரே குடும்பத்தில் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெயரைச் சுமப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லாத ஒன்று.

கனடாவுக்கு வரும் தமிழர்களும் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு விழிக்கிறோம். அந்த எரிச்சல் அவர்கள் நிலையை ஓரளவு புரிந்துகொள்ள உதவும். ஆனால் இரண்டையும் சமமாக வைக்க வேண்டாம். நம் கழுத்தில் யாரும் எண் மாட்டவில்லை.

இவ்வளவு முக்கியமான சடங்குகளை அவர்களே ஏன் விட்டுவிட்டார்கள்?

விடவில்லை. தடைசெய்தார்கள். 1884இல் கனடா நாடாளுமன்றம் பாட்லாட்சைக் குற்றமாக்கியது. 1895இல் சமவெளி மக்களின் நடனச் சடங்குகளும் அந்தச் சட்டத்துக்குள் இழுக்கப்பட்டன. 1921 டிசம்பரில் டான் க்ரான்மர் என்ற தலைவர் ஒரு தீவுக் கிராமத்தில் பெரிய பாட்லாட்ச் நடத்தியபோது 45 பேர் மேல் வழக்குப் போட்டார்கள். பேசியதும், ஆடியதும், பரிசு கொடுத்ததும், வாங்கியதும் குற்றம். சுமார் இருபது பேர் சிறைக்குப் போனார்கள். முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. அவற்றில் ஒரு பகுதி திரும்பி வந்து, 1980இல் அலர்ட் பே ஊரில் திறக்கப்பட்ட உமிஸ்டா பண்பாட்டு மையத்தில் இப்போது இருக்கிறது.

தடை 1951இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் சமயச் சுதந்திரத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது 1978இல். இடைப்பட்ட காலம் முழுக்க மலைக்குப் பின்னாலும் குளிர்கால இரவுகளிலும் ஒளித்து ஒளித்துச் சடங்குகளைக் காப்பாற்றிய பாட்டன் பாட்டிகளால்தான் இன்றைக்குப் பெயர் கொடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வியர்வைக் குடில் என்பது என்ன? ஆபத்தானது என்று கேள்விப்பட்டேனே?

வளையும் மரக்கொம்புகளால் கட்டி, மேலே போர்வை போர்த்திய தாழ்வான குடில். வெளியே நெருப்பில் பழுக்கவைத்த கற்களை உள்ளே நடுக்குழியில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தக் கற்களைத் 'தாத்தாக்கள்' என்று அழைப்பார்கள். இருட்டு, ஆவி, பாட்டு, பிரார்த்தனை. பெரும்பாலும் நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே கதவு திறக்கும். தாயின் வயிற்றுக்குள் போய் மறுபடி பிறந்து வருவதாக அதைச் சொல்வார்கள்.

ஆபத்து என்று நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக 2009இல் அரிசோனாவின் செடோனாவில் நடந்தது. பூர்வகுடியைச் சேராத ஒரு தன்முன்னேற்றப் பயிற்சியாளர், ஆளுக்குச் சுமார் பத்தாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, மிக அதிகமான ஆட்களை ஒரே குடிலுக்குள் உட்காரவைத்தார். மூன்று பேர் இறந்தார்கள், அவர் சிறைக்குப் போனார். மரபாகக் குடில் நடத்துபவர் பல ஆண்டுகள் கற்று, நடத்தும் உரிமையை மூத்தவர்களிடம் பெற்றவர். உள்ளே இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். சடங்குக்குக் கட்டணப் பட்டியல் போடுகிறவரிடம் போகாதீர்கள். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடமும் குடில் நடத்துபவரிடமும் முன்பே சொல்லுங்கள்.

ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, அல்லது நம்பிக்கை மட்டுமா?

சடங்கை ஒரு மாத்திரைபோலத் தனியே பிரித்துச் சோதிப்பது கடினம். ஆனால் கவனிக்க வேண்டிய சில தரவுகள் உண்டு.

மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் என்ற இரு உளவியலாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதல்குடிகளில் இளையோர் தற்கொலைகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். 1987 முதல் 1992 வரையான தரவு. பூர்வகுடி இளைஞர்களின் தற்கொலை விகிதம் பயங்கரம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் அந்த ஆண்டுகளில் ஒரு இளைஞர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. மற்ற சிலவற்றிலோ மிக அதிகம். வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், நில உரிமைக்குப் போராடும், தன் பள்ளியையும் சுகாதார நிலையத்தையும் தானே நடத்தும், பண்பாட்டுக்கென்று ஓர் இடம் வைத்திருக்கும் சமூகங்களில் பிள்ளைகள் பிழைத்திருந்தார்கள். 2007இல் வந்த தொடர் ஆய்வு, பாதிக்கு மேற்பட்டோர் தாய்மொழியில் பேசத் தெரிந்த சமூகங்களில் தற்கொலை மிகக் குறைவு என்று காட்டியது. இதனால் இது என்று நேர்க்கோடு போட முடியாது. ஆனாலும் தான் யார் என்று தெரிந்த பிள்ளை உயிரைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்று எங்கள் மாகாணத்திலேயே இருக்கும் ஹாலோ வாட்டர். பாலியல் வன்முறை தலைமுறைகளாக ஊறிப்போன அந்தச் சிற்றூர், 1980களில் தானே ஒரு குணப்படுத்தும் முறையை உருவாக்கியது. குற்றம் செய்தவர், பாதிக்கப்பட்டவர், இரு குடும்பங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, பதின்மூன்று படிகளைக் கடந்து, கடைசியில் தூய்மைச் சடங்கு. நடந்ததை ஊர் முன்னால் தன் வாயால், அதற்குரிய பெயரைச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். 2001இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, இதில் கலந்துகொண்ட 107 குற்றவாளிகளில் மீண்டும் குற்றம் செய்தவர்கள் இரண்டே பேர்.

அப்படியென்றால் இன்சுலினை நிறுத்திவிட்டுச் சடங்குக்குப் போகிறார்களா?

நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் 94 பரிந்துரைகளில் 22ஆவது இதைத்தான் சொல்கிறது: பூர்வகுடி நோயாளி கேட்டால், அவர்களின் வைத்தியர்களோடும் மூத்தவர்களோடும் சேர்ந்து சிகிச்சை தர வேண்டும். நோயாளி மருந்தை மறுத்த சில தருணங்களில் எங்கள் பேச்சைவிட மூத்தவர் பேச்சுதான் வேலை செய்திருக்கிறது.

சடங்கை மட்டும் வரவேற்றுவிட்டு, நல்ல குடிநீரும் வீடும் இல்லாத ஊருக்கே நோயாளியைத் திருப்பி அனுப்புவது எனக்கு ஒப்பாத விஷயம். இதையும் சொல்லியாக வேண்டும்.

இறந்துபோன பள்ளிக் குழந்தைகளுக்கும் ஏதோ பெயர்ச் சடங்கு நடந்ததாமே?

ஆமாம். ஆணையம் தேடியபோது பள்ளிகளில் இறந்த குழந்தைகளாகச் சுமார் 3,200 பேர் பதிவேடுகளில் கிடைத்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. குழந்தை இறந்தது தெரியும், எந்தக் குழந்தை என்று தெரியாது.

பெயர்களைத் தேடும் வேலை வின்னிபெக்கில் மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தில் தொடர்ந்தது. 2019 செப்டம்பர் 30 அன்று, அதுவரை கண்டுபிடித்த 2,800 பெயர்களை எழுதிய 50 மீட்டர் நீளச் சிவப்புத் துணியை, மூத்தவர்களும் பள்ளியிலிருந்து உயிர்தப்பியவர்களும் ஏந்தி வந்து காட்டினோ நகரின் அருங்காட்சியகத்தில் விரித்தார்கள். ஐம்பது மீட்டர் துணி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், சுமார் ஒன்பது புடவைகளை நீளவாக்கில் தைத்துப் பாருங்கள்.

அதற்கு முன்பே, 2010 ஜூனில், ஆணையத்தின் முதல் தேசிய நிகழ்வு எங்கள் ஊரில் இரண்டு நதிகள் கூடும் 'தி ஃபோர்க்ஸ்' என்ற இடத்தில் நடந்தது. ஆணையத்தின் நிகழ்வுகளில் சாட்சி சொன்னவர்களும் கேட்டவர்களும் கண்ணீர் துடைத்த காகிதங்களைக் குப்பையில் போடவிடவில்லை. எல்லாவற்றையும் பைகளில் சேர்த்து, அணையாமல் காக்கப்பட்ட புனித நெருப்பில் இட்டார்கள். அழுகையும் ஒரு காணிக்கை.

பாஸ்போர்ட்டில் பழைய பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா?

முடியும். ஆணையத்தின் 17ஆவது பரிந்துரை, உறைவிடப் பள்ளிகள் மாற்றிய பெயர்களை ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டணமில்லாமல் திரும்பப் பெற வழிசெய்ய வேண்டும் என்றது. 2021 ஜூனில் மத்திய அரசு பாஸ்போர்ட் உள்ளிட்ட ஆவணங்களுக்கு அதை அறிவித்தது. பிறப்புச் சான்றிதழ் மாகாணத்தின் கையில், அதனால் அங்கே வேறு விதிகள். இன்னொரு சிக்கல் எழுத்து. மத்திய அரசின் ஆவணங்களில் ரோமன் எழுத்துகளும் சில பிரெஞ்சுக் குறிகளும் மட்டுமே அச்சாகும். தொண்டையில் நின்று ஒலிக்கும் ஒலிக்கென்று தனிக்குறி வைத்திருக்கும் மொழிகளின் பெயர்கள் அதில் உடைந்துதான் போகும். 'ழ' போன இடத்தில் 'ல' வந்து உட்கார்ந்த பெயர்களோடு வாழும் நமக்கு இது விளங்கும்.

ஆன்மப் பெயரை ஆவணத்தில் போட விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அது சடங்கில் மட்டும் சொல்லப்பட வேண்டியது என்பது அவர்கள் எண்ணம். நோயாளியிடம் 'உங்கள் பூர்வகுடிப் பெயர் என்ன?' என்று நாமாகக் கேட்காமல் இருப்பது நல்லது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இடங்களின் பெயர்களையும் மாற்றுகிறார்களே, அதுவும் இதில் சேருமா?

சேரும். 2010இல் பசிபிக் கரையோரத்தில் உள்ள ராணி சார்லட் தீவுகளின் பெயர் ஹைடா குவாய் ஆனபோது, ஹைடா மக்கள் அந்தப் பழைய பெயரை ஒரு மரப்பெட்டியில் வைத்து மரியாதையாக அரசிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பெயரை வெறுமனே அழிக்காமல், கொடுத்தவரிடம் திரும்ப ஒப்படைத்த அந்தப் பண்பை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

வின்னிபெக்கில் நான் தினமும் வேலைக்குப் போகும் சாலைக்கு, உறைவிடப் பள்ளிகளுக்காக வாதாடிய ஒரு பிஷப்பின் பெயர் இருந்தது. 2023இல் நகர மன்றம் அதை 'அபினோஜி மிக்கனா' என்று மாற்றியது. அனிஷினாபே மொழியில் குழந்தைகளின் பாதை. வாயில் நுழையவில்லை என்று ஆரம்பத்தில் சிலர் சலித்துக்கொண்டார்கள். இப்போது வானொலியில் டிராஃபிக் செய்தி சொல்பவர்கூடத் தடுமாறாமல் சொல்கிறார்.

நாங்கள் சடங்கில் கலந்துகொள்ளலாமா?

அழைத்தால் போங்கள். என்ன கொண்டுவர வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்று அழைத்தவரிடமே கேளுங்கள். புகையிலை கொண்டுபோவது பல இடங்களில் முறை. மாதவிடாய் நாட்களில் பெண்கள் சில சடங்குகளில் உட்காருவதில்லை. அது தீட்டு என்பதால் இல்லை, அப்போது அவளுக்கு ஆற்றல் மிகுதி என்று பல மூத்தவர்கள் விளக்குவார்கள். போன் பைக்குள் இருக்கட்டும்.

என் குழந்தைக்கு ஓர் அனிஷினாபே பெயர் வைக்க ஆசை. அழகாக இருக்கிறது. வைக்கலாமா?

இந்தக் கேள்வி போன வாரம் வந்தது. அன்பினால் கேட்டார் என்று தெரியும், இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்தப் பெயர்கள் புகையிலை வைத்துக் கேட்டு, காத்திருந்து, உறவுகள் சூழ நான்கு திசைக்கும் சொல்லி வருபவை. இணையத்தில் பட்டியல் பார்த்து எடுப்பது அதில் சேராது. அவருடைய பாட்டி பெயர் என்ன என்று கேட்டேன். 'செல்லம்மாள்' என்றார். அதையே யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.